பத்து ஓவர் போடுகிறவர்களுக்கு எங்கே இடம்?

ஒருநாள் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் யார் என்று யார் பட்டியல் போட்டாலும் எனக்கு ஒரே குறைதான். பத்துப் பெயர்களில் ஏழெட்டுப் பேர் பேட்ஸ்மேன்கள். ஒன்பதாவது இடத்தில் வாசிம் அக்ரம், பத்தாவதில் முரளிதரன், யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று கடைசியில் சேர்த்த மாதிரி. முதல் மூன்று இடங்களுக்குள் ஒரு பௌலரை வைத்த பட்டியலைப் பார்ப்பது அபூர்வம். சச்சினா கோலியா, ரிச்சர்ட்ஸா தோனியா என்றுதான் சண்டையே நடக்கிறது. பந்து போட்டவர்கள் அந்தச் சண்டைக்குள்ளேயே வருவதில்லை.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் தன் பட்டியலைக் காட்டினான். நன்றாக யோசித்துத்தான் போட்டிருந்தான். கோலி, சச்சின், ரிச்சர்ட்ஸ், தோனி, டிவில்லியர்ஸ், ரோகித், பாண்டிங் என்று போய் எட்டாவதாக வாசிம். "பௌலருங்க ஏன்டா இவ்வளவு கீழே?" என்று கேட்டேன். "மாமா, எவ்வளவு பெரிய பௌலரா இருந்தாலும் பத்து ஓவர்தானே போட முடியும்? கோலி நின்னாருன்னா அம்பது ஓவரும் நிப்பாரு" என்றான். வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கு மட்டும் அந்தப் பதில் செரிக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பும் ரயிலில் உட்கார்ந்து தாளில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஒரு பௌலரின் பங்கு ஐம்பதில் பத்து. அதாவது ஐந்தில் ஒன்று. இது விதி, அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் மாறாது. ஒரு பேட்ஸ்மேனின் பங்கு என்ன? சச்சின் 452 இன்னிங்ஸில் 18,426 ரன்கள் எடுத்தார். ஒரு இன்னிங்ஸுக்கு என்று வகுத்தால் 41-க்குக் கொஞ்சம் குறைவு. அவர் ஆடிய காலத்தில் 240, 250 என்பது நல்ல ஸ்கோர். அதில் 41 என்பது ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. உலகமே கொண்டாடும் பேட்ஸ்மேனின் சராசரிப் பங்கும், பத்து ஓவரோடு நிறுத்தப்படும் பௌலரின் பங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேட்ஸ்மேன் ஐம்பது ஓவர் நிற்கலாம் என்பது உண்மை; முதல் பந்திலேயே போய்விடலாம் என்பதும் உண்மைதானே. பௌலருக்கு அந்த ஆபத்து கிடையாது. அவருடைய 60 பந்துகளை ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் அணி நம்பியிருக்கலாம். அக்கா மகன் சொன்ன காரணம் அந்தத் தாளிலேயே விழுந்துவிட்டது.

சரி, காரணம் விழுந்தாலும் பட்டியல்கள் ஏன் மாறவில்லை என்பது வேறு விஷயம். தெருவில் ஆடும்போதே பேட் வைத்திருப்பவன்தான் முதலில் பேட் பிடிப்பான், மற்றவர்கள் பந்து போட வேண்டும், ஓட வேண்டும். நம் ஊரில் கிரிக்கெட்டைப் பார்க்கிற பார்வையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 1997 மே மாதம் சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 அடித்தார். அதைப் பார்த்த தலைமுறையைக் கேட்டால் சென்னை வெயில், அவருக்காக ஓடிய ரன்னர் அஃப்ரிடி, கடைசியில் சச்சின் பந்தில் கங்குலி பிடித்த கேட்ச் எல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். 328 ரன்னைத் துரத்திய இந்தியா டிராவிடின் சதத்தோடு நன்றாகவே போராடியது. அந்தப் போராட்டத்தை முடித்துவைத்து ஐந்து விக்கெட் எடுத்தவர் ஆகிப் ஜாவேத் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

உலகக் கோப்பை இறுதிப்போட்டிகளின் ஆட்ட நாயகர்களையும் எடுத்துப் பாருங்கள். 1975-இலிருந்து 2023 வரை 13 இறுதிப்போட்டிகள். லாயிட், ரிச்சர்ட்ஸ், பூன், பாண்டிங், கில்கிறிஸ்ட், தோனி, ஸ்டோக்ஸ், ஹெட் ஆகியோர் அடித்த ரன்களுக்காகப் பரிசு வாங்கியவர்கள். மொகிந்தர் அமர்நாத், வாசிம் அக்ரம், அரவிந்த டி சில்வா மூவரும் இரண்டும் செய்தவர்கள். பந்துவீச்சுக்காக மட்டும் வாங்கியவர்கள் 1999-இல் வார்னும் 2015-இல் ஃபாக்னரும்தான்.

லார்ட்ஸ், 1979

இந்தப் பதின்மூன்றில் என்னை மிகவும் உறுத்துவது இரண்டாவது. 1979 ஜூன் 23, லார்ட்ஸ். பொதுவாக எல்லோரும் சொல்லும் கதை இது: வெஸ்ட் இண்டீஸ் 99 ரன்னுக்கு நான்கு விக்கெட். ரிச்சர்ட்ஸோடு காலிஸ் கிங் வந்து சேர்கிறார். கிங் 66 பந்தில் 86 அடித்துவிட்டுப் போகிறார். ரிச்சர்ட்ஸ் கடைசி வரை நின்று 138. கடைசிப் பந்தில் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே நகர்ந்து போய் ஹென்ட்ரிக்கைக் கால் பக்கமாகச் சிக்ஸருக்குத் தூக்குகிறார். மொத்தம் 286. கோப்பை. ஆட்ட நாயகன் ரிச்சர்ட்ஸ்.

அந்த 138-ஐப் பார்ப்பதற்காகத்தான் பழைய ஒளிப்பதிவை எடுத்தேன். பார்த்து முடித்தபோது மனதில் நின்றவர் ஜோயல் கார்னர். பார்படோஸ்காரர், ஆறடி எட்டங்குலம். இங்கிலாந்தின் தொடக்க ஜோடி பிரேர்லியும் பாய்காட்டும் 129 ரன் சேர்த்திருந்தார்கள். கேட்பதற்கு நல்ல தொடக்கம். ஆனால் அதற்கு 38 ஓவர்கள் ஆகிவிட்டன. அப்போது ஆட்டம் 60 ஓவர். மீதி 22 ஓவரில் இன்னும் 158 ரன் வேண்டும். இருவரையும் ஹோல்டிங் அனுப்பினார். அப்புறம் கூச் கொஞ்சம் அடித்தார். 183-க்கு இரண்டு விக்கெட். அங்கிருந்து 194-க்கு எல்லோரும் அவுட். எட்டு விக்கெட்டுகள் 11 ரன்னுக்குள் போயின. அதில் ஐந்து கார்னருடையவை, 11 பந்துகளுக்குள். கூச், கோவர், லார்கின்ஸ், ஓல்ட் நால்வருக்கும் ஸ்டம்ப் பறந்தது. டெய்லர் கீப்பர் முர்ரேயிடம் கேட்ச். கூச்சைத் தவிர மற்ற நால்வரும் பூஜ்யம்.

அந்த உயரத்திலிருந்து வருகிற பந்து யார்க்கராக இறங்கும்போது பேட்ஸ்மேனுக்கு என்ன ஆகிறது என்று ஒளிப்பதிவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உயரமான ஆள் பந்து போட வருகிறார் என்றால் பந்து நெஞ்சுக்கு எழும்பும் என்றுதான் உடம்பு தயாராகும். கண் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பந்து காலடிக்குள் நுழையும். பேட்டைக் கீழே கொண்டுவருவதற்குள் ஸ்டம்ப் இருக்காது. அதே கையிலிருந்து அடுத்த பந்து உண்மையிலேயே விலா எலும்புக்கு எழும்பும். இரண்டில் எது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே கிடையாது. லார்கின்ஸ் அன்று முதல் பந்திலேயே போனார். அவருடைய ஆட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்புதான். பிரேர்லியும் பாய்காட்டும் ஊர்ந்து ஊர்ந்து ஆடியதால் பின்னால் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியிருந்தது, கார்னருக்குச் சுலபமாக விக்கெட் கிடைத்தது என்பார்கள். ஆனால் அவர்கள் ஏன் ஊர்ந்தார்கள்? ராபர்ட்ஸ் 9 ஓவரில் 33. ஹோல்டிங் 8 ஓவரில் 16, ஓவருக்கு இரண்டே ரன். ஐந்தாவது பௌலர் என்று ஒருவர் சரியாக இல்லாததால் ரிச்சர்ட்ஸே 10 ஓவர் சுழற்பந்து போட்டார்; அவரிடமும் 35 ரன்தான் எடுத்தார்கள். அங்கே அடிக்காமல் விட்டது பெரிய தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படி விட்டதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அடித்து அவுட் ஆனால் அடுத்து வருபவர் கார்னரையும் கிராஃப்டையும் சந்திக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இன்னும் பந்தையே கையில் வாங்காத ஒரு பௌலர் களத்தின் மறுகோடியில் நின்றபடியே ரன்னை நிறுத்த முடியும். ஸ்கோர்கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

அந்த ஒளிப்பதிவுக்குப் பிறகுதான் கார்னரின் மொத்தக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். 98 போட்டிகள், 146 விக்கெட்டுகள், சராசரியாக ஒரு விக்கெட்டுக்கு 18.84 ரன், ஓவருக்கு 3.09 ரன். அணிகள் ஓவருக்கு நான்கு, நாலரை என்று எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லோருமே சிக்கனமாகப் போட்டார்கள்தானே என்று தோன்றலாம். அதே காலத்து ஆட்களோடு வைத்துப் பார்ப்போம். ஹாட்லீ 3.30, ஹோல்டிங் 3.32, மார்ஷல் 3.53, கபில் 3.71. இவர்கள் எல்லோருமே மகா பௌலர்கள். அவர்களைவிடவும் கார்னர் குறைவாகக் கொடுத்தார். கணிசமான ஆட்டங்களில் புதுப் பந்துகூட அவர் கைக்கு வராது. ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் போட்டு முடித்த பிறகு வந்து, கடைசி ஓவர்களில் எல்லோரும் வீசியடிக்கும்போதும் போட்டவர். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எதிரணியிடமிருந்து பத்துக்கு மேற்பட்ட ரன்னைக் கழித்துவிடுகிறார், கூடவே ஒன்றரை விக்கெட். ஒவ்வொரு ஆட்டத்திலும்.

ரிச்சர்ட்ஸை நான் இறக்கவில்லை

இவ்வளவு சொல்வதால் ரிச்சர்ட்ஸை ஓரங்கட்டுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான். அதற்கும் நான் பயன்படுத்துவது அதே அளவுகோல்: உன் காலத்தில், உன் பக்கத்தில் நின்றவனைவிட நீ எவ்வளவு தள்ளி நின்றாய்? ரிச்சர்ட்ஸின் சராசரி 47, ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எடுக்கும் ரன், 90. இன்றைக்கு 90 என்றால் பரவாயில்லை என்போம். ஆனால் அதே அணியில், அதே ஆடுகளங்களில், அதே பௌலர்களுக்கு எதிராக ஆடிய கிரீனிட்ஜின் ஸ்ட்ரைக் ரேட் 65-க்குப் பக்கம். ஹேன்ஸ் 63. இருவரும் சாதாரண ஆட்களா? உலகின் சிறந்த தொடக்க ஜோடி. அவர்கள் நூறு பந்தில் எடுப்பதைவிட 25 ரன் கூடுதலாக எடுத்துக்கொண்டு, சராசரியிலும் அவர்களுக்கு மேலே இருந்தார் ரிச்சர்ட்ஸ். 1984-இல் ஓல்ட் டிராஃபோர்டில் 166-க்கு ஒன்பது விக்கெட் போன பிறகு ஹோல்டிங்கை மறுமுனையில் நிற்கவைத்து 106 ரன் சேர்த்தார். அதில் ஹோல்டிங்கின் பங்கு 12. அன்று ரிச்சர்ட்ஸ் எடுத்தது 189. அதை யாராவது தாண்ட 13 வருடம் ஆயிற்று. தாண்டியதுதான் சேப்பாக்கத்தில் அன்வர் அடித்த 194. இதற்கெல்லாம் மேல் 118 விக்கெட்டுகள், 1975 இறுதிப்போட்டியில் மூன்று ரன் அவுட்டுகள்.

ரிச்சர்ட்ஸுக்கு அடுத்து கார்னர். மூன்றாவது வாசிம். இதைச் சொன்னதும் அக்கா மகன் போனில் சிரித்தே விட்டான். "98 மேட்ச்தான் ஆடியிருக்காரு, சச்சின் 463!" என்றான். அந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கு எத்தனை ஒருநாள் போட்டிகள் வைத்தார்களோ அத்தனையில்தான் ஆட முடியும். பத்து வருடம் ஆடி 98 என்றால் அது அட்டவணை போட்டவர்களின் கணக்கு. நீண்ட காலம் நிலைத்து நிற்பது பெரிய சாதனை என்பதை ஏற்கிறேன். சச்சினை நான்காவதாக வைப்பதே அதற்காகத்தான். 1994-இல் ஆக்லாந்தில் சித்துவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதால் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 49 பந்தில் 82 அடித்தவர், 2010-இல் குவாலியரில் 200 அடிக்கிறார். நடுவில் 16 வருடங்கள். வேறு யாருக்கு அப்படி ஒரு நீளம் வாய்த்தது? ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களைவிட எவ்வளவு தள்ளி நின்றார் என்று கேட்டால், கார்னரும் வாசிமும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள்.

வாசிமைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 502 விக்கெட்டுகள். 1992 மெல்போர்ன் இறுதிப்போட்டியில் லாம்புக்கும் லூயிஸுக்கும் போட்ட அந்த அடுத்தடுத்த இரண்டு பந்துகளைப் பார்க்காதவர்கள் இதை இவ்வளவு தூரம் படித்திருக்கமாட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று அவர் 18 பந்தில் 33 ரன்னும் அடித்தார். அது இல்லாமல், அந்த இரண்டு பந்துகளுக்காக மட்டுமே ஆட்ட நாயகன் விருதைக் கொடுத்திருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

லாகூரில் முரளி

ஐந்தாவது இடம் முரளிக்கு. 534 விக்கெட்டுகள், ஓவருக்கு 3.93. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். 1996 இறுதிப்போட்டியை அவர் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்த ஆட்டம் அரவிந்தவுடையது, அவர் சதமும் அடித்து மூன்று விக்கெட்டும் எடுத்தார், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆஸ்திரேலியா 137-க்கு ஒரு விக்கெட் என்று 300-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து 170-க்கு ஐந்து. முடிவில் 241. முரளியின் கணக்கு: 10 ஓவர், 31 ரன், ஒரு விக்கெட். அந்த ஒன்றும் இறங்கி வந்து ஸ்டம்பிங் ஆன வார்ன். அன்று இலங்கையின் மற்ற ஐந்து பௌலர்களும் ஓவருக்கு நாலரைக்கு மேலே கொடுத்திருக்கிறார்கள். முரளி மட்டும் மூன்று.

அதற்கு முன் மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை, மெல்போர்னில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால், பந்தை எறிகிறார் என்று சொல்லி அவர் பந்தை நோ-பால் என்று நடுவர் கை நீட்டியிருந்தார். அதன் பிறகு பிரிஸ்பேனில் ஒருநாள் போட்டியிலும் அதே. அந்த 23 வயதுக் கண்டிப் பையன் லாகூரில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பந்தைக் கையில் எடுத்து 60 பந்துகளில் 31 ரன் கொடுத்தான். ஒரு முனையில் ரன்னே வராதபோது மறுமுனையில் பகுதிநேரச் சுழலை அடிக்கப் போகத்தானே வேண்டும்? அரவிந்தவின் விக்கெட்டுகளில் முரளிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று நான் அழுத்தமாக நம்புகிறேன். ஒரு இலங்கைத் தமிழர் என்ற பாசம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அந்தப் பாசத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் 31 என்பது 31தான்.

இரண்டு பந்துகளின் காலம்

ஆறாவது கோலி. இளைஞர்கள் கோபப்படுவார்கள், தெரியும். சேஸிங்கில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை; 2012 ஹோபார்ட்டில் மலிங்காவைக் கிழித்த அந்த 133 இப்போது பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அவர் பெரும்பாலும் ஆடியது பௌலர்களின் கையைக் கட்டிப்போட்ட காலத்தில். 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனைகளிலும் தனித்தனிப் புதுப் பந்து. ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் பழசாகும். வாசிமும் வக்காரும் நாற்பதாவது ஓவருக்குப் பிறகு பழைய பந்தை எதிர்ப்பக்கமாக வளைத்த ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய செத்தே போனது. சுழற்பந்துக்காரருக்குக் கையில் பிடிபடும் பழைய பந்து இல்லை. 2025 ஜூலையில்தான், 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று ஓரளவு மாற்றினார்கள். கோலியின் 50-ஆவது சதம் வந்த 2023 உலகக் கோப்பையின் வாங்கடே அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 397. நியூசிலாந்தும் விடாமல் 327. ஒரே நாளில் 724 ரன் கொட்டிய அந்த ஆடுகளத்தில் ஷமி 57 ரன்னுக்கு ஏழு விக்கெட். அன்று சரியாக ஷமிக்கே ஆட்ட நாயகன் விருதைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாளை எல்லோரும் இன்றுவரை ஐம்பதாவது சதத்தின் நாள் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏழாவதாக மெக்ரா. அதன் பிறகு தோனி, டிவில்லியர்ஸ், பெவன், கில்கிறிஸ்ட், ஜெயசூர்யா, கபில் என்று யாரை எந்த வரிசையில் வைத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எனக்கு இன்னும் முடிவுக்கு வராத பெயர் ஒன்றுதான்: பும்ரா. 2023 இறுதிப்போட்டி முடிந்தபோது அவர் 89 போட்டிகளில் 149 விக்கெட் எடுத்திருந்தார். கார்னர் வாழ்நாள் முழுக்க எடுத்தது 98-இல் 146. அந்த உலகக் கோப்பையில் 350, 400 என்று அணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது பும்ரா 20 விக்கெட் எடுத்து ஓவருக்கு நான்கு ரன்னைச் சற்றே தாண்டினார். பக்கத்தில் நின்றவர்களைவிட எவ்வளவு தள்ளி என்ற என் அளவுகோலில் இது கார்னருக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் இப்போது ஒருநாள் போட்டிகளே குறைந்துவிட்டன, அவருடைய முதுகைக் காப்பாற்ற ஒருநாள் போட்டிகளில் ஓய்வு கொடுத்துவந்தார்கள். 2027-இல் தென்னாப்பிரிக்காவில் அடுத்த உலகக் கோப்பை. அதில் அவர் முழுசாக ஆடி, 2023-இல் போட்டதைப் போல இன்னொரு தடவை போட்டால், கோலிக்கு மேலே வைப்பேன். அக்கா மகனிடம் இதைச் சொல்லிவிட்டேன். பும்ரா என்றதும் மட்டும் அவன் மறுத்துப் பேசவில்லை.